மூன்று பாத்திக்கு எவ்வளவு மண்?



இந்த மாதம் நாம் பார்க்கப்போவது ஒரு சின்னக் கணக்குப் பாடம். பயப்பட வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கத் தெரிந்தால் போதும். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். அந்தக் கணக்கில் நான் தவறினேன், அதுவும் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முன்னாலேயே! நீங்களும் அதே இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் கிளை உறுப்பினர்கள் போன வருடம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் ஒரு கோத்தோங் ரோயோங் எடுத்துச் செய்தோம். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கொஞ்சம் காலி நிலம் கிடந்தது. மஞ்சள் களிமண். வெயில் அடித்தால் கல் மாதிரி இறுகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். அதில் விதை போட்டால் வேர் அழுகும். அதனால் சிமெண்டுக் கல் அடுக்கி மூன்று மேட்டுப்பாத்திகள் கட்டினோம். பாத்திக்கு ஒரு குழுவாக மாணவர்கள் மூன்று குழு. வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை என்று அவர்களே பிளாஸ்டிக் குவளைகளில் நாற்று வளர்த்து வைத்திருந்தார்கள்.

மண் வாங்கும் பொறுப்பு என்னுடையது. காசு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது. பள்ளி விளையாட்டுப் போட்டி அன்று அம்மாமார்கள் விடியற்காலையில் எழுந்து வடை சுட்டு, நாசி லெமாக் கட்டி விற்றுச் சேர்த்த காசு.

நான் கணக்கில் மோசமில்லை. எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதம் எடுத்தவன். பாத்தியை அளந்தேன், பெருக்கினேன். மூன்றுக்கும் சேர்த்து 1.65 என்று வந்தது. "சரி, கூடவே இருக்கட்டும்" என்று மண் கடைக்குப் போன் போட்டு, "ரெண்டு டன் அனுப்புங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை லோரி வந்தது. முதல் நாள் இரவெல்லாம் நல்ல மழை, மண் ஈரமாக இருந்தது. கொட்டிய குவியலைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். "குறைவா இருக்கே அண்ணே?" என்றேன். லோரி ஓட்டி வந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். ஒன்றும் பேசாமல் எடை போட்ட சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாணவர்கள் உற்சாகமாக மண் சுமந்தார்கள். முதல் பாத்தி நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவது பாத்தியில் மண்ணைப் பரப்பிப் பார்த்தால் ஏழு சென்டிமீட்டர் உயரம்தான்! கையில் நாற்றோடு வரிசையில் நின்ற மூன்றாவது குழு என்னையே பார்த்தது.

"அண்ணா, எங்க பாத்திக்கு மட்டும் ஏன் மண்ணு இல்ல?"

அப்போது நான் சொன்ன பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. "கடையில ஏமாத்திட்டாங்கம்மா" என்றேன்.

ஒரு மாணவி, சின்னப் பெண், மேசை மேல் நான் வைத்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். "இதுல ரெண்டாயிரம் கிலோன்னு போட்டிருக்கே. நீங்க எவ்வளவு கேட்டீங்க அண்ணா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்து கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1.65 என்று நான் கண்டுபிடித்தது கன மீட்டர். நான் கேட்டதோ டன். கடைக்காரர் நான் கேட்டதை ஒரு கிலோ குறையாமல் கொடுத்திருக்கிறார்.

எடை வேறு, கொள்ளளவு வேறு

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. கவனமாகப் படியுங்கள்.

பாத்தி என்பது ஒரு பெட்டி. பெட்டிக்குள் எவ்வளவு பிடிக்கும் என்பது கொள்ளளவு. அதை லிட்டரிலோ கன மீட்டரிலோ சொல்வோம். லோரி சுமப்பது எடை. அதைக் கிலோவிலோ டன்னிலோ சொல்வோம். தண்ணீராக இருந்தால் கவலையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது 1,000 லிட்டர், ஒரு டன். மண் அப்படியில்லை. வகையையும் ஈரத்தையும் பொறுத்து ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.2 டன்னும் இருக்கலாம், 1.7 டன்னும் இருக்கலாம். மழையில் நனைந்த மண்ணை டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை மாணவர்களை உட்காரவைத்து, "தப்பு என்னுடையது. கடைக்காரர் ஏமாத்தல. லோரி ஓட்டின அங்கிள் கொடுத்த சீட்டுல இருந்தது சரியான கணக்கு. நான்தான் டன்னையும் கன மீட்டரையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்" என்று சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. "அப்ப எவ்வளவு வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று அதே மாணவி கேட்டாள்.

அதற்கு ஒரு வாளியும் எடை பார்க்கும் தராசும் போதும். இப்படிச் செய்தோம்:

10 லிட்டர் பிடிக்கும் வாளியை வெறுமனே நிறுத்தோம்: அரை கிலோ. அதே வாளியை மண்ணால் நிரப்பி, மேலே தட்டி நிறுத்தோம்: பதினாறரை கிலோ. வாளியைக் கழித்தால் மண் மட்டும் 16 கிலோ. 10 லிட்டருக்கு 16 கிலோ என்றால் ஒரு லிட்டருக்கு 1.6 கிலோ. வந்த மண் 2,000 கிலோ. 2,000-ஐ 1.6-ஆல் வகுத்தால் 1,250 லிட்டர். அதாவது 1.25 கன மீட்டர்.

நான் வேண்டும் என்று நினைத்தது 1.65 கன மீட்டர். வந்தது 1.25. மூன்றாவது குழுவின் பாத்தி காலியாகக் கிடந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். கரும்பலகையில் இதை எழுதி முடித்தபோது மாணவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும்தான்.

படிப்படியாகக் கணக்கு

இனி நீங்கள் வீட்டில், பள்ளியில், கோயில் நந்தவனத்தில் எங்கே பாத்தி கட்டினாலும் இந்த வரிசையில் போங்கள்.

1. உள்ளளவை எடுங்கள். எங்கள் பாத்தியை வெளியே அளந்தால் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். ஆனால் கல்லின் கனம் 10 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 20 சென்டிமீட்டர் போய்விடும். உள்ளே 2.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம்தான். வெளியளவில் 2.88 சதுர மீட்டர், உள்ளளவில் 2.2 சதுர மீட்டர். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! மரப்பலகையில் கட்டினால் இந்த வித்தியாசம் குறைவு, ஆனால் பழக்கமாக உள்ளேயே அளந்துவிடுங்கள்.

2. என்ன நடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆழம் அதைப் பொறுத்தது. கீரை வகைகளுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி போன்றவற்றுக்கு 30 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. பாத்தியின் அடி திறந்து, கீழே தரை மண் இருந்தால், அந்த மண்ணை மண்வெட்டியால் கொத்தி இளக்கிவிடுங்கள். வேர் அதற்குள்ளும் இறங்கும். அடியில் சிமெண்டுத் தரை என்றால் வேருக்கு நீங்கள் போடும் மண்தான் உலகம். அங்கே ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது.

3. எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகு பெருக்குங்கள். நீளம் மீட்டரில், உயரம் சென்டிமீட்டரில் வைத்துப் பெருக்கினால் விடை நூறு மடங்கு ஊதிவிடும். 25 சென்டிமீட்டர் என்றால் 0.25 மீட்டர். எங்கள் கல்சுவரின் உயரம் 30 சென்டிமீட்டர். தண்ணீர் ஊற்றும்போது மண் வழியாமல் இருக்கவும், மேலே காய்ந்த இலை பரப்பவும் 5 சென்டிமீட்டர் விட்டோம். ஆக 2.2 × 1 × 0.25 = 0.55 கன மீட்டர். மூன்று பாத்திக்கு 1.65.

4. இறங்குவதற்கும் சேர்த்துப் போடுங்கள். இதையும் நான் முதலில் விட்டுவிட்டேன். லோரியிலிருந்து கொட்டும் மண்ணுக்குள் நிறையக் காற்று இருக்கும். நம் நாட்டு மழை நாலு தடவை கொட்டினால் மண் அமுங்கும். அதில் கலந்த உரமும் மக்க மக்கச் சுருங்கும். கணக்கில் வந்த அளவோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். 1.65-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1.98. ஏறக்குறைய 2 கன மீட்டர். பாத்திக்கு 0.66 கன மீட்டர் வருகிறது. இது சுவரின் விளிம்பு வரை நிரப்பும் அளவு. நிரப்பி வைத்தால் சில வாரங்களில் தானாக 25 சென்டிமீட்டருக்கு இறங்கி உட்காரும்.

5. கடைக்காரர் எந்த அலகில் விற்கிறார் என்று கேளுங்கள். டன் என்றால், ஒரு வாளி மண்ணை நிறுத்துப் பார்த்து மாற்றுங்கள். மூட்டை என்றால், மூட்டையில் லிட்டர் போட்டிருக்கிறதா, கிலோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் என்றால் நேரடியாக வகுக்கலாம்: 1 கன மீட்டருக்கு 50 லிட்டர் மூட்டை 20. கிலோ மட்டும் போட்டிருந்தால் ஒரே ஒரு மூட்டை வாங்கி, 10 லிட்டர் வாளியில் எத்தனை வாளி வருகிறது என்று அளந்த பிறகு மீதியை வாங்குங்கள். தேங்காய் நார்த்தூள் கட்டியாக அழுத்தி விற்பார்கள். தண்ணீரில் ஊறினால் பல மடங்கு பெருகும். கட்டியின் எடையைப் பார்த்து ஏமாறாமல், ஊறிய பிறகு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

6. பெரியவர்கள் அடிக்கணக்கில் சொன்னால் திகைக்க வேண்டாம். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 32 கன அடி, அதாவது ஏறக்குறைய 906 லிட்டர். உயரத்தை அங்குலத்தில் சொன்னால் முதலில் 12-ஆல் வகுத்து அடியாக்குங்கள்.

எல்லாமே மண்ணாக இருக்க வேண்டியதில்லை

சரி, காலிப் பாத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

2 கன மீட்டர் வேண்டும், 1.25 இருக்கிறது. குறைவது முக்கால் கன மீட்டர், 750 லிட்டர். இன்னொரு லோரி மண் சொல்லலாமா என்று யோசித்தேன். செடி வளர்ப்பில் பழகிய ஓர் ஆசிரியர் தடுத்தார். "வெறும் மண்ணையே நெரப்புனா ரெண்டு மாசத்துல இறுகிடும் தம்பி. கொறையிற எடத்துல உரமும் உமியும் போடுங்க" என்றார்.

நம் நாட்டு நர்சரிகளில் 3:2:1 என்ற கலவை பிரபலம்: மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல். எங்களிடம் மண் ஏற்கெனவே அதிகம். அதனால் மக்கிய உரம் 50 லிட்டர் மூட்டை பத்து, கருக்கிய உமி 50 லிட்டர் மூட்டை ஐந்து என்று கணக்குப் போட்டோம். 500 லிட்டரும் 250 லிட்டரும் சேர்ந்து 750. மண், உரம், உமி மூன்றும் 1,250, 500, 250. சுருக்கினால் 5:2:1. மாணவர்கள் விகிதம் படித்துக்கொண்டிருந்த நேரம். புத்தகத்தில் இருந்த பாடம் அவர்கள் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

உமி மண்ணை இளக்கி, தண்ணீர் வடிய வழி விடும். உரம் செடிக்குச் சாப்பாடு, ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். கலந்த பிறகு மொத்த அளவு நீங்கள் கூட்டிய கணக்கைவிடச் சற்றுக் குறையும். பெரிய துகள்களுக்கு நடுவில் சின்னத் துகள்கள் போய் உட்கார்ந்துவிடும், கோலிக்குண்டு நிரம்பிய டின்னில் மணலைக் கொட்டினால் அது இடுக்கில் இறங்குவது போல. அதனால்தான் எப்போதும் கொஞ்சம் கூட வாங்கச் சொல்கிறேன்.

மூட்டை வாங்குவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. நிறைந்திருந்த இரண்டு பாத்தியிலிருந்து மண்ணை அள்ளி மூன்றாவதற்குக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு குழுவும் நாற்று நட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வேரோடு பெயர்த்து மறுபடியும் நட வேண்டும். முகம் கோணுவார்கள் என்று பயந்தேன். ஒரு பையன் முணுமுணுத்தான், அவ்வளவுதான். மற்றவர்கள் நாற்றைக் கவனமாகக் குவளைக்குள் எடுத்து வைத்துவிட்டு மண்ணை அள்ளத் தொடங்கிவிட்டார்கள். 1.25 கன மீட்டரை மூன்றாகப் பிரித்தால் பாத்திக்கு சுமார் 19 சென்டிமீட்டர். குச்சியில் கோடு போட்டு மூன்று பாத்தியிலும் ஒரே உயரம் வரும்வரை அளந்து அளந்து கொட்டினார்கள். முதல் நாளே இப்படிப் பிரித்திருந்தால் எந்தக் குழுவும் வெறுங்கையோடு நின்றிருக்காது. எனக்குத் தோன்றவில்லை, நான் யார் மேல் பழி போடலாம் என்பதிலேயே இருந்தேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். மூட்டைகளுக்குக் கூடுதல் காசு வேண்டும், அதற்குக் காரணம் என் கணக்கு என்றேன். அவர் கோபப்படவில்லை. "கணக்க ஒரு தாள்ல தெளிவா எழுதிக் கொடுங்க தம்பி. அடுத்த வருஷம் வேற யாராவது செய்யும்போது உதவும்" என்றார். அந்தத் தாளைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

அடுக்குமாடியில் இருக்கும் தம்பிகள் பால்கனியில் பாத்தி கட்ட ஆசைப்படுவார்கள். அங்கே இந்தக் கணக்கு பாதுகாப்புக்காகவும் வேண்டும். 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஒரு தொட்டிக்கு 150 லிட்டர் பிடிக்கும். ஈரமண் லிட்டருக்கு 1.6 கிலோ என்றால் 240 கிலோ. மூன்று நாலு பெரிய ஆட்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பதற்குச் சமம். கட்டட நிர்வாகத்திடம் கேட்காமல் வைக்காதீர்கள். நார்த்தூளும் உரமும் அதிகம் கலந்த இலேசான கலவையையும் சின்னத் தொட்டிகளையும் பயன்படுத்துங்கள்.

செய்து பாருங்கள்

அ) சிங்கப்பூரில் பூங்காக்களில் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகள் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் கொண்டவை. இந்த அளவுள்ள ஒரு பாத்தியை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புதிதாக நிரப்ப, இறங்குவதற்கும் சேர்த்து, 50 லிட்டர் மூட்டை எத்தனை வேண்டும்?

ஆ) பாதியாக அறுத்த ஒரு டிரம். உள் விட்டம் 60 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் போட வேண்டும். எத்தனை லிட்டர்? (வட்டத்துக்குப் பரப்பளவு: 3.14 × ஆரம் × ஆரம். விட்டத்தில் பாதிதான் ஆரம்.)

விடை: அ) 2.5 × 1 × 0.3 = 0.75 கன மீட்டர். 1.2-ஆல் பெருக்க 0.9 கன மீட்டர், அதாவது 900 லிட்டர். 18 மூட்டை. ஆ) 3.14 × 0.3 × 0.3 × 0.3 = சுமார் 0.085 கன மீட்டர், 85 லிட்டர். இறங்குவதற்கும் சேர்த்து 100 லிட்டர் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக

மேட்டுப்பாத்தியில் மண் வருடா வருடம் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு தடவை அறுவடை முடிந்ததும் மூன்று நாலு சென்டிமீட்டர் மக்கிய உரம் போட்டு மேலே கொண்டு வாருங்கள். 2.2 சதுர மீட்டர் பாத்திக்கு 3 சென்டிமீட்டர் என்றால் 66 லிட்டர். இந்தக் கணக்கை இப்போது நீங்களே போட்டிருப்பீர்கள்.

பொதுக் காசில் ஒரு பொருள் வாங்கும்போது, வாங்கும் முன்பே தாளில் எழுதி, இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் காட்டினாலும் போதும். தவறு வந்துவிட்டால், யார் பெயரையும் இழுக்கும் முன் சீட்டை ஒரு தரம் படியுங்கள். அந்த லோரி அங்கிளைப் பிறகு மண் கடையில் பார்த்தேன். அன்றைக்கு நான் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு டன்னுன்னு சொல்லி நெறைய பேர் இப்படித்தான் முழிப்பாங்க தம்பி. அடுத்த தடவ பாத்தி அளவ சொல்லுங்க, நானே சொல்றேன்" என்று சிரித்தார்.

மூன்றாவது குழுவின் பாத்தியில்தான் வெண்டைக்காய் முதலில் காய்த்தது. சீட்டைப் படித்த அந்த மாணவி முதல் காயை ஒடித்து என்னிடம் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.